அக்ரிமென்ட் போடுவதற்கு முன் பிளானில் ஒரு குடித்தனம்

வீடு கட்டப்போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது, “சதுர அடி என்ன ரேட் பேசியிருக்கீங்க?” என்பதுதான். அலுவலகத்தில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பால் ஊற்றுகிற அண்ணனும் கேட்டார். பிளானைக் காட்டுங்கள் என்று கேட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். ரேட்டில் 50 ரூபாய் குறைப்பதற்காக நாள்கணக்கில் பேரம் பேசுகிற நாம், பிளானை ஒரு சாயங்காலத்தில் பார்த்துத் தலையாட்டிவிடுகிறோம். அம்மா ராத்திரியில் எத்தனை அடி நடந்து பாத்ரூம் போவார், மழை பெய்தால் துணி எங்கே காயும், பிள்ளைகள் எந்த மூலையில் உட்கார்ந்து படிப்பார்கள் என்பதையெல்லாம் அடுத்த 30, 40 வருஷத்துக்குத் தீர்மானிப்பது அந்தக் காகிதம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை பிளான் நம்முடையது. எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் வரைகிறவர் மாற்றித் தருவார். கையெழுத்து விழுந்த மறுநாள் முதல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘எக்ஸ்ட்ரா’ என்று ஒரு பெயர் வந்துவிடும். ஜன்னலை இரண்டு அடி தள்ளி வைக்கச் சொன்னாலும் எக்ஸ்ட்ரா. அதனால் எங்கள் வீட்டுக்கு அக்ரிமென்ட் போடும் முன், அந்த பிளானுக்குள் குடும்பத்தோடு வாழ்ந்து பார்த்தோம். எப்படி என்பதை விரிவாக எழுதுகிறேன். வீடு கட்டும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

690 சதுர அடி, கையில் வருவது 590

எங்கள் மனை திருச்சிக்கு வெளியே. 30 அடி அகலம், 40 அடி நீளம், கிழக்குப் பார்த்தது. மொத்தம் 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட். நிறையக் குடும்பங்கள் வாங்கும் அளவு இதுதான்.

இதில் சுற்றிலும் விட வேண்டிய இடத்தை முதலில் கழிக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தவை. சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பார்த்து விட வேண்டிய இடம் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் விட்ட அளவை நாமும் விட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. எங்கள் இன்ஜினியர் முன்னால் 5 அடி, பின்னால் 5 அடி, இரண்டு பக்கமும் மூன்றரை அடி என்று வைத்து வரைந்தார். மிச்சம் 23-க்கு 30. தரைத்தளம் 690 சதுர அடி, மாடியும் அதே அளவு, ஆக 1,380.

இந்த 690-தான் ரேட்டால் பெருக்கப்படும் எண். ஆனால் இதில் சுவரும் அடக்கம். வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர். வீட்டைச் சுற்றி வந்தால் அது மட்டும் ஏறக்குறைய 77 சதுர அடியைத் தின்றுவிடும். உள்ளே நாலரை அங்குலச் சுவர் 60 அடி ஓடினால் இன்னொரு 22 சதுர அடி. ஆக, நாம் காலை நீட்டிப் படுக்கக் கிடைப்பது ஏறக்குறைய 590. பூச்சு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ‘690 சதுர அடியில் தாராளமாக வரும்’ என்று யார் சொன்னாலும், எல்லா அறைகளின் உள் அளவையும் தனித்தனியே எழுதிக் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் போட்டோம். சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 ரூபாய் குறைத்துப் பேசினால் 1,380 சதுர அடிக்கு மிச்சமாவது 69,000. முதலில் வந்த பிளானில் ஹாலிலிருந்து பாத்ரூமுக்குப் போக 4 அடி அகலத்தில் 12 அடி நீள நடை ஒன்று இருந்தது. 48 சதுர அடி. அதன் விலை 1,15,200 ரூபாய். வெளிச்சம் இல்லாமல், நடந்து போவதற்கு மட்டும் பயன்படும் இடம். அறைக் கதவையும் பாத்ரூம் கதவையும் இடம் மாற்றியதும் அந்த நடைக்கே வேலை இல்லாமல் போயிற்று; அந்த இடம் சமையலறைக்கும் பூஜைக்கும் போய்ச் சேர்ந்தது. பேரத்தில் குறைவதைவிட பிளானில் கிடைப்பது அதிகம் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

கார் நிறுத்தும் இடமும் இந்தக் கணக்கில்தான் முடிவாயிற்று. போர்டிகோவுக்குக் குறைந்தது 9-க்கு 15 அடி வேண்டும், 135 சதுர அடி. அம்மாவின் அறை 110 சதுர அடி. இந்த மனையில் ஒரு கார் என்பது ஒரு படுக்கையறைக்கு மேல். நாங்கள் அறையை எடுத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பதுதான் முக்கியம்.

கட்டிலையும் பீரோவையும் பிளானில் போடுங்கள்

பிளானில் ‘பெட்ரூம் 10 × 10’ என்று எழுதியிருந்தால் போதும் என்று தோன்றும். பெரிய கட்டில் ஒன்று 6 அடி அகலம், ஆறரை அடி நீளம். பீரோ 2 அடி ஆழம். கட்டிலின் கால்மாட்டில் பீரோ வைத்தால் 10 அடியில் ஆறரையும் இரண்டும் போக மிச்சம் ஒன்றரை அடி. பீரோ கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடம் இல்லை. அறை 11 அடியானால் அந்த இடைவெளி இரண்டரை அடி. நின்று புடவை மடித்து வைக்கலாம். ஒரே ஒரு அடிதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் மனையடி சாஸ்திரமும் எங்களுக்கு ஒத்துவந்தது. உள் அளவு 10, 11, 16 என்றால் அம்மாவுக்குத் திருப்தி. 12, 13 என்றால் முகம் மாறிவிடும். இந்தப் பேச்சை எல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் ஒருவருக்கு இருந்தால் அதற்கு பிளானில் இடம் கொடுத்துவிடுங்கள். லிண்டல் மட்டம் வந்த பிறகு ஒரு பெரியப்பா வந்து நின்று, “ஈசானி மூலைல எதுக்குப்பா படிக்கட்டு?” என்று கேட்டுவிட்டுப் போனால், அடுத்த பத்து நாள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்தப் பெரியப்பாவைக் காகிதம் காகிதமாக இருக்கும்போதே கூப்பிட்டுக் காட்டிவிடுவது உத்தமம்.

சாமான்களைப் பிளானில் அளவோடு வரையச் சொல்லுங்கள். கட்டில், பீரோ, சோபா, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், தையல் மெஷின், பிள்ளைகளின் மேசை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் வளைவாகக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பிளானில் சமையலறைக் கதவும் பிரிட்ஜ் கதவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அளவாக வரைந்ததால்தான் அது தெரிந்தது. அதே போல வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு எது எது படும் என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பாத்ரூம் கதவு நேராகத் தெரிகிற வீடுகள் எத்தனையோ உண்டு. அங்கே பகல் முழுக்கத் திரை தொங்கும்.

மொட்டை மாடியில் கோலமாவு

காகிதத்தில் எல்லாருக்கும் வீடு தெரிவதில்லை. என் அம்மாவுக்குத் தெரியவில்லை. “கோடு கோடா இருக்குப்பா, எனக்கு என்ன புரியும்” என்றார். அதனால் நாங்கள் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு, பிளானை நிஜ அளவில் வரைந்தோம். டேப், சணல் கயிறு, ஒரு டப்பா கோலமாவு. நானும் பெரியவனும் அளந்து கயிறு பிடிக்க, அம்மா கோடு போட்டார். கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போட்டார். கட்டிலுக்குப் பாய் விரித்தோம். பீரோவுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அடுப்புக்கு ஒரு செங்கல்.

பிறகு எல்லாரும் அந்த வீட்டுக்குள் நடந்தோம். காலை 5 மணியிலிருந்து ஆரம்பித்தோம். அம்மா எழுந்து வாசல் தெளிக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்? பிளானில் வாசல் பக்கம் குழாயே இல்லை. குறித்துக்கொண்டோம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஹால், பூஜை இடம் எல்லாம் தாண்டித்தான் சமையலறைக்கு வர வேண்டியிருந்தது. பக்கவாட்டில் ஒரு கதவு வேண்டும் என்று குறித்தோம். துணி துவைத்து மாடிக்கு எடுத்துப் போவது, குப்பை வைப்பது, செருப்பு விடுவது, ஈரக்குடை வைப்பது எல்லாவற்றையும் நடந்து பார்த்தோம்.

என் மனைவி சமையலறைக் கோட்டுக்குள் போய் நின்று, செங்கல் அடுப்பைப் பார்த்துத் திரும்பி, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள்: “என்னங்க, இங்க நின்னா நான் நாள் பூரா சுவத்தத்தான் பாத்துட்டு நிக்கணும். நீங்க எல்லாம் ஹால்ல பேசிட்டிருப்பீங்க. எனக்கு ஒண்ணும் கேக்காது.”

தினமும் மூன்று நான்கு மணி நேரம் அங்கே நிற்கப்போகிறவள் அவள். கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்கு விருப்பம். இரண்டையும் சேர்த்து, அடுப்பை அங்கேயே விட்டு, காய் நறுக்கும் மேடையை ஹால் பக்கச் சுவரில் வைத்து, அந்தச் சுவரில் 4 அடி அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டோம். அங்கே நின்றால் ஹாலும் தெரியும், பிள்ளைகள் படிப்பதும் தெரியும், சாப்பாட்டை நேராக எடுத்தும் கொடுக்கலாம். 8 அடி அகலச் சமையலறையில் இரண்டு பக்கமும் 2 அடி மேடை போக நடுவில் 4 அடி; இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்யலாம்.

அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பிளான் பற்றிய பேச்சில் முதல் குரல், வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவருடையதாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு வருகிற ஆண், இன்ஜினியர், கான்ட்ராக்டர் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அங்கே நாள் முழுக்க இருக்கிறவர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். வீடு நன்றாக அமையும்.

நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வரும் வீட்டையும் யோசித்தோம். கிழக்கு வாசலில் பொங்கல் வைக்க, சிட் அவுட்டுக்கு முன்னால் 5 அடிக்காவது கூரை இல்லாத இடம் வேண்டும் என்று விட்டோம். கெட்டது பற்றிப் பேச யாருக்கும் நாக்கு வரவில்லை. அம்மாவே சொன்னார்: “ஒருத்தரத் தூக்கிட்டுப் போற அளவுக்கு வாசக்காலு இருக்கணும்பா. அதையும் பாத்துக்க.” தலைவாசல் மூன்றரை அடி ஆனது. ஹாலும் வாசலும் நேர் கோட்டில் வந்தன.

அம்மாவின் முழங்காலும் படிக்கட்டும்

படிக்கட்டை எல்லாரும் மிச்ச இடத்தில் திணிக்கிறார்கள். எங்கள் பிளானிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. தளத்துக்குத் தளம் 10 அடி, 120 அங்குலம். பிளானில் எண்ணிப் பார்த்தால் 16 படி. ஒரு படி ஏழரை அங்குல உயரம். தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 வீடுகளுக்கு அனுமதிக்கும் உச்ச உயரம் 190 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அதே ஏழரை அங்குலம். விதிப்படி சரி, முழங்கால் வலிக்காரருக்குச் சரியில்லை.

6 அங்குலப் படி என்றால் 20 படி வரும். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு 10 ஏற்றம், 9 மிதி. மிதி 10 அங்குலம் என்றால் ஏழரை அடி ஓட்டம். 16 படிக்கு இது 5 அடி 10 அங்குலம். வித்தியாசம் 20 அங்குலம்தான். ஹாலில் அந்த 20 அங்குலத்தைக் குறைத்து இங்கே கொடுத்தோம். அகலம் 3 அடி. திரும்பும் இடமும் 3 அடிக்குக் குறையாமல். அதில் கட்டில் பலகையும் பீரோவும் திரும்புமா என்று மொட்டை மாடியிலேயே நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தோம்.

அம்மாவின் அறை கீழே. அதோடு ஒட்டிய பாத்ரூமுக்குப் பிளானில் வழக்கம் போல இரண்டரை அடிக் கதவு. இந்த அளவு நிலையையும் சேர்த்தது என்பதைக் கவனியுங்கள். 30 அங்குலத்தில் இரண்டு பக்க நிலைச் சட்டமும் 5 அங்குலம் போனால் 25. சாதாரண சக்கர நாற்காலியே 25 முதல் 27 அங்குல அகலம் இருக்கும். இன்றைக்கு அம்மா நன்றாக நடக்கிறார். 20 வருஷம் கழித்து நாங்களே அந்த அறைக்கு வரப்போகிறோம். 3 அடிக் கதவாக்கினோம். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரே மறித்துக்கொண்டு கிடப்பார். சுவரில் கைப்பிடி மாட்டும் இடத்தையும் இப்போதே குறித்துவிட்டோம்.

மாடி பாத்ரூமைக் கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே வைப்பது இன்னொரு முக்கியமான சங்கதி. குழாய்கள் ஒரே நேர்கோட்டில் இறங்கும். தளம் போடும்போது அந்த இடத்தை மட்டும் தாழ்த்திப் போடுவார்கள். கான்கிரீட் போட்ட பிறகு பாத்ரூமை நகர்த்த வேண்டும் என்றால் பெரும் செலவு. கசிவுக்கும் அதுவே வழி.

வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்

சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் தலைக்கு மேல் வரும் சூரியன், அதன் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை வடக்கு வானத்தில்தான் இருக்கும். அதாவது கொடும் வெயில் காலத்தில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மேற்குச் சுவர் மதியம் முழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டை ராத்திரியில் உள்ளே விடும்.

கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய படுக்கையறை என்பது வழக்கம். மாடியில் அதுவே வீட்டின் மிகச் சூடான அறை. வழக்கத்தை மாற்றாமல் என்ன செய்யலாம் என்று பார்த்தோம். மேற்குச் சுவர் நெடுக 2 அடி ஆழ அலமாரி வைத்தோம். சூடு நேராகக் கட்டிலுக்கு வராது. அதே சமயம் மேற்கை முழுக்க அடைத்துவிட்டால் ஆடிக் காற்று வீணாகும். எங்கள் பக்கம் அந்தக் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். அலமாரியின் ஓரத்தில் ஒல்லியாக, உயரமாக ஒரு ஜன்னல், மேலே ஆழமான சன்ஷேடு. தெற்குச் சுவரில் இன்னொன்று.

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவரது குழுவினரும் 1977-இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் லேங்குவேஜ்’ நூலில் இது பற்றி இரண்டு யோசனைகள் உண்டு. ஓர் அறைக்கு இரண்டு பக்கத்திலிருந்தாவது வெளிச்சம் வர வேண்டும் என்பது ஒன்று. ஆறு அடி ஆழமாவது இல்லாத பால்கனியில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது மற்றொன்று. எங்கள் பிளானில் மாடியில் முன்பக்கம் முழுக்க 3 அடிப் பால்கனி இருந்தது. 3 அடியில் ஒரு நாற்காலி போட்டால் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். நீளத்தைப் பாதியாக்கி ஆழத்தை 6 அடியாக்கினோம். இப்போது அங்கே நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசலாம்.

நாளைக்கு வாடகைக்கு விடுவதானால்

பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விட்டால் மாடி காலியாக இருக்கும். வாடகைக்கு விட வேண்டும் என்றால் படிக்கட்டு வெளியே வேண்டும். வெளியே வைத்தால் இப்போது பிள்ளைகள் மாடிக்குப் போக மழையில் நனைய வேண்டும். படிக்கட்டை வாசலை ஒட்டிய சிறிய முன்னறையிலிருந்து தொடங்கினோம். இன்றைக்கு அந்த முன்னறைக்கும் ஹாலுக்கும் நடுவில் திறந்த வாசல். நாளைக்கு ஒரு கதவு மாட்டினால் இரண்டு வீடு. மாடியில் ஓர் அறைக்குள் சமையல் மேடைக்கான தண்ணீர் குழாயும் கழிவுக் குழாயும் சுவருக்குள் விட்டு மூடி வைத்துவிடலாம்.

மூன்றாவது தளம் பற்றியும் இப்போதே முடிவெடுக்க வேண்டும். எங்களைப் போன்ற வீடுகளுக்கு தளப் பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் 2,400 வரை கட்டலாம். நாங்கள் கட்டுவது 1,380. மேலே கட்டும் எண்ணம் இருந்தால் அஸ்திவாரமும் தூண்களும் அதைத் தாங்கும்படி இன்றே கணக்கிடப்பட வேண்டும். மண் பரிசோதனை செய்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடம் வாங்குங்கள். மேஸ்திரியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். தூணுக்குள் எத்தனை கம்பி என்பதை மட்டும் கணக்கு சொல்லட்டும்.

இனி ஒப்பந்தம்

2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்றிதழ் முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டும் வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். நல்ல வசதி. அனுமதி எளிதாகக் கிடைப்பதால் பொறுப்பு நம் தலையில் கூடுதலாக விழுகிறது. அனுமதிக்கு ஒரு வரைபடம், கட்டுவதற்கு வேறொரு வரைபடம் என்ற பழக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள். வங்கிக் கடனும் அனுமதி பெற்ற வரைபடத்தின் பேரில்தான் வருகிறது.

சொந்த மனையில் நாமே கான்ட்ராக்ட் கொடுத்துக் கட்டும் தனி வீடு ‘ரெரா’ பதிவுக்குள் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வீடு கட்டித் தருவதைச் சேவை என்று ஏற்கிறது. அங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தத்தைத்தான். அதில் எழுதாதது பேசாததற்குச் சமம். நாங்கள் எழுதி வாங்க முடிவு செய்தவற்றை இங்கே வைக்கிறேன்:

- இறுதி பிளான், ஒவ்வொரு தாளிலும் இருவர் கையெழுத்தோடு ஒப்பந்தத்தின் பகுதியாக இணைக்கப்பட வேண்டும். உள் அளவுகள், கதவு ஜன்னல் அளவுப் பட்டியல், உயரம் காட்டும் வெட்டுப்படம், கம்பி வரைபடம், கரன்ட் பாயின்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.
- சதுர அடியை எப்படி அளப்பது? சிட் அவுட், பால்கனி, மாடிப்படி மேல் அறை இவை முழுதாகவா, பாதியாகவா?
- ரேட்டில் எது அடக்கம்? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், பரண், மொட்டை மாடித் தட்டோடு, போர், தற்காலிக மின் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.
- சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், வயர், குழாய் இவற்றின் பிராண்டும் தரமும். கான்கிரீட் எம்20-க்குக் குறையக் கூடாது. டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ரூபாய் வரை என்ற தொகை.
- பணம் வேலையின் கட்டத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்: பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு, தரை, பெயின்ட். கடைசித் தவணையில் ஒரு பகுதி, ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு.
- எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும் விலையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும்.

சம்ப்பின் அளவையும் எழுதிவிடுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. ஐந்து பேருக்கு 675. உள் அளவு 6-க்கு 6-க்கு 6 என்றால் 216 கன அடி, ஏறக்குறைய 6,100 லிட்டர். எங்களுக்கு 9 நாள் தாங்கும். ‘சம்ப் உண்டு’ என்று மட்டும் எழுதினால் 3,000 லிட்டரும் சம்ப்தான்.

கரன்ட் பாயின்ட்டுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். கட்டில் தலைமாட்டில் இரண்டு பக்கமும் பிளக், படிக்கட்டுக்கு மேலும் கீழும் போட்டு அணைக்கும் சுவிட்ச், கிரைண்டருக்கு மேடை மட்டத்தில் ஒன்று, இன்வெர்ட்டர் வைக்கும் மூலை, வாசலில் மின்சார ஸ்கூட்டருக்கு ஒன்று. சாமான்கள் எங்கே என்று பிளானில் வரைந்திருந்தால் இந்த வேலை சுலபம்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நாள் பார்த்ததால் வருகிறது. “ஆவணி 6 வாஸ்து நாள், அதுக்குள்ள அக்ரிமென்ட் போட்டுருவோம் சார்” என்று எங்களிடமும் சொன்னார்கள். வருஷத்தில் வாஸ்து நாள் எட்டு. ஆவணி 6 போனால் ஐப்பசி 11, அதுவும் போனால் கார்த்திகை 8, பிறகு தை 12. நாளை விட மனம் இல்லையென்றால் அன்றைக்குப் பூமி பூஜையை மட்டும் செய்துவிடுங்கள். பூஜைக்குக் கான்ட்ராக்டரின் கையெழுத்து தேவையில்லை.

பிளானில் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடாது. எங்கள் வீட்டில் பெரியவன் தனி அறை கேட்டான், அது கிடைக்கவில்லை. தம்பியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் ஏன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கோலமாவுக் கோட்டுக்குள் நின்று அவனே அளந்து பார்த்து, மேசைக்கு ஜன்னல் ஓரத்தை எடுத்துக்கொண்டான்.

உங்கள் பிளான் முடியவில்லை என்றால், “இன்னும் இரண்டு வாரம் குடுங்க” என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். சில மாதம் கட்டி, பல வருஷம் வாழப்போகும் வீட்டுக்கு அது நியாயமான அவகாசம். வேலை தெரிந்த கான்ட்ராக்டர் கொடுப்பார். வரைபடம் தெளிவாக இருந்தால் இடித்துக் கட்டும் வேலை அவருக்கும் இல்லை, பணத் தகராறும் இல்லை. அந்த இரண்டு வாரத்தைக் கொடுக்க மறுத்து, முதலில் கையெழுத்தைப் போடுங்கள், மற்றதை வேலை நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறவரிடம் உங்கள் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.